கல்விக்குப் பொருள் வேண்டிய சுவார்ட்ஸ் ஐயர்

இரத்தல் இழிவென்று நம் நீதிநூல்கள் ஒருமுகமாய் ஓதும். ஆயினும் கல்வியின்பொருட்டு இரத்தலை அந்நூல்கள் அவ்வாறு தள்ளிவிடவில்லை. பொருளற்ற மாணாக்கன் பிறர் கையை நோக்கியேனும் கற்றல் வேண்டுமென்றே அவை அறிவுறுத்துகின்றன. கற்பவனுக்குப் பொருந்தும் இவ்விதி கற்பிப்பவனுக்குப் பொருந்தாமற் போகாது. தன் வயிற்றின்பொருட்டு ஒருவன் கையேந்துவானாயின் அது வறுமை. ஊரார் பிள்ளைகள் கற்பதன்பொருட்டுக் கையேந்துவானாயின் அதனைத் தொண்டு என்றே கூறல் வேண்டும். நூல்நிலையத்தை விரித்தற்கும், ஆய்வுக்கூடம் அமைத்தற்கும், கற்பிக்கும் முறையைத் திருத்துதற்கும் கல்லூரிகள் அரசினரிடத்தும் பல்கலைக்கழக மானியக் குழுவினரிடத்தும் விண்ணப்பம் விடுத்தலை யாம் கண்டிருக்கிறோம். இவ்வகை விண்ணப்பங்கள் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே, நம் சோழநாட்டில் இருந்துகொண்டு அரசரிடத்தும் கும்பினியாரிடத்தும் பள்ளிகளுக்கென்று பொருள் வேண்டிப் பெற்றார் ஒருவர். அவரே கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சுவார்ட்ஸ் ஐயர் 1726-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 8-ஆம் நாள் பிரஷியா தேசத்தைச் சேர்ந்த சோன்னன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இப்போது போலந்து நாட்டின் எல்லைக்குள் இருக்கின்றது. அன்னை அவரது குழந்தைப் பருவத்திலேயே உயிர் நீத்தார். இறக்குந் தறுவாயில், இம்மகனைக் கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டதாகக் கணவருக்குக் கூறிச் சென்றார் என்பர். இளமைக் கல்வியை முடித்தபின் சுவார்ட்ஸ் 1746-இல் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

ஹாலே நகரம் அவருக்கு அளித்தது ஏட்டுக்கல்வி மட்டுமன்று. அந்நகரில் பிராங்கே என்னும் பேராசிரியர் ஏழைச் சிறுவர்க்கென்று ஒரு பள்ளியையும் அநாதை விடுதியையும் நிறுவியிருந்தார். 1695-ஆம் ஆண்டில் தம் வீட்டு உண்டிப்பெட்டியில் எவரோ இட்டுச்சென்ற நான்கு தாலரும் பதினாறு குரோசனுமே அவர் முதலாகக் கொண்ட பொருள். அச்சிறு காசு நாளடைவில் பள்ளிகளும் அச்சகமும் மருந்துச்சாலையும் அடங்கிய பெருநிலையமாக வளர்ந்தது. ஆயிரம் பேர் தனித்தனியே ஈந்த சிறுபொருளுக்கு ஒவ்வொன்றாய்க் கணக்கெழுதி, அக்கணக்கை வெளியிட்டு, அதனாலேயே மேலும் பொருள் பெறும் முறையைச் சுவார்ட்ஸ் அங்கே கண்ணாரக் கண்டார். தரங்கம்பாடியிற் பணியாற்றித் திரும்பிய சூல்ச்சு ஐயரிடம் தமிழெழுத்துக்களைக் கற்றதும் அங்கேதான். 1749-இல் கோபன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, இங்கிலாந்தின் வழியாகக் கப்பலேறி, 1750-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கூடலூரில் இறங்கித் தரங்கம்பாடியை வந்தடைந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்து மூன்று.

அம்மையார் பிறந்த காரைக்காலிலிருந்து கடலோரமாய் வடக்கு நோக்கிச் செல்வோர்க்குத் தரங்கம்பாடி ஏறக்குறைய ஒன்பது மைல் தொலைவு. இக்குறுகிய கரையின் அக்கால நிலையை நினைக்குங்கால் வியப்பே மிகும். தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் வசமும், நாகப்பட்டினம் 1658 முதல் உலாந்தர் வசமும், காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சியர் வசமும் இருந்தன. உள்நாட்டில் தஞ்சை மராட்டிய மன்னர் ஆண்டனர். ஒருநாள் நடைக்குள் மூன்று நான்கு கொடிகள் பறந்த இந்நிலத்தில், ஒரு கொடியின்கீழ்ச் சொல்லப்பட்ட சொல் மற்றொரு கொடியின்கீழ்ச் செல்லுபடியாதல் அரிது. எல்லாக் கொடிகளின்கீழும் செல்லுபடியாகும் சொல்லை உடையவராய் ஐயர் பின்னாளில் விளங்கினார் என்பதே அவர் வாழ்க்கையின் சாரம்.

தரங்கம்பாடியை அடைந்த நான்கு திங்களுக்குள் அவர் தமிழிற் பிரசங்கம் செய்தார். எனினும் அதனோடு அமைந்தாரில்லை. பள்ளியில் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடஞ்சொல்லும் வேலையைத் தாமே கேட்டுப் பெற்று, எழுத்துக்கூட்டித் திக்கிப் பேசும் அச்சிறுவரோடு தாமும் திக்கித் திக்கிப் பேசியே நம் மொழியைப் பழகினார். பின்னர்ச் சில ஆண்டுகள் தமிழ் நூல்களைப் பயின்று, இந்நாட்டாரின் சமயக் கொள்கைகளை அவர்கள் நூல்வாயிலாகவே அறிந்துகொண்டார். போர்த்துக்கேசியம், இந்துஸ்தானி, பாரசீகம், மராட்டி ஆகிய மொழிகளையும் காலப்போக்கிற் கற்றார். கற்பித்தலைச் செப்பஞ்செய்ய விரும்புவோன் முதலில் கற்போனாய் அமர்தல் வேண்டுமென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1762-இல் அவர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று பணிபுரியத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குப்பின் இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவுவளர்ச்சிச் சங்கத்தாரின் ஊழியரானார். அங்கே அவருக்குக் கிடைத்த ஊதியம் ஆண்டொன்றுக்கு 48 பவுன். பழைய கட்டடமொன்றில் கட்டிலும் தாமும் மட்டுமே கொள்ளத்தக்க சிற்றறை ஒன்றில் வாழ்ந்து, நம் நாட்டு முறையில் ஆக்கிய சோற்றையும் காய்கறியையும் உண்டு, கருநிறப் பருத்தித் துணி உடுத்தி அவர் இருந்ததை அருகிருந்து கண்ட ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். கோட்டைப் படைவீரர்க்குக் குருவாகப் பணிசெய்தமைக்கு அரசினர் ஆண்டுக்கு 100 பவுன் வழங்கத் தொடங்கியபோதும் அவரது உணவும் உடையும் மாறவில்லை. மிகுந்த பொருள் ஆலயத்துக்கும் பள்ளிக்கும் சென்றது. அவர் மணஞ்செய்துகொள்ளாதவர், ஆதலின் தமக்கென்று சேர்த்துவைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை.

நிற்க. 1778-இல் ஐயர் தஞ்சையைத் தம் உறைவிடமாக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு சென்னைக் கும்பினியார், மைசூர் ஐதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறிந்துவர அவரைச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினர். ஐதர் அவரைக் கண்ணியமாய் வரவேற்று உரையாடினார். விடைபெறுங்கால் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொண்ட பை ஒன்று ஐயரிடம் கொடுக்கப்பட்டது. வழிச்செலவைக் கும்பினியார் ஏற்றிருந்தமையால் அத்தொகை தமக்குரியதன்றென்று கருதிய ஐயர், சென்னைக்கு மீண்டதும் அதனை அப்படியே ஆட்சியாளரிடம் ஒப்புவித்தார். அவர்களோ அதனை ஐயரே வைத்துக்கொள்ளல் வேண்டுமென்றனர். அங்ஙனமாயின் தஞ்சையில் ஏழைச் சிறுவர்க்கென்று ஆங்கிலப் பள்ளியொன்று அமைக்க இதனை முதலாகக் கொள்ள இசைவு தருக என்று வேண்டி, இசைவும் பெற்றார். ஹாலே நகரத்து உண்டிப்பெட்டிக் காசு பள்ளியாய் வளர்ந்த வரலாறு, சீரங்கப்பட்டணத்துப் பணப்பையில் மீண்டும் நிகழ்ந்ததென்று கூறலாம். பகைவனாகக் கருதப்பட்ட அரசன் ஈந்த பொருளும் பள்ளிக்குரிய பொருளாயிற்று.

1780-இல் மூண்ட போர் தஞ்சைநாட்டைப் பாழாக்கியது. வயல்கள் தரிசாயின, வாய்க்கால்கள் தூர்ந்தன, கோட்டைக்குள் புகுந்தோர் பசியால் தெருவில் மடிந்தனர். சுற்றுப்புற ஊர்களில் நெல் இருந்தும், முன்பு கொடுத்த நெல்லுக்குக் காசு பெறாத குடியானவர் அரசனையும் நம்பவில்லை, கும்பினியாரையும் நம்பவில்லை. அந்நிலையில் ஐயர் விலைக்குத் தாமே பொறுப்பென்று வாக்களித்தார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன; சின்னாளில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. கொடுத்தோர் அனைவர்க்கும் ஐயர் காசைச் செலுத்தித் தீர்த்தார். பின்னொருகால், வரிக்கொடுமை தாங்காது ஊரை விட்டோடிய உழவரை அரசன் அழைத்தும் அவர்கள் வரவில்லை. ஐயர் அழைக்கவே ஒரே நாளில் 7,000 பேர் மீண்டனர். இச்செய்திகளைக் கல்வி வரலாற்றினிடையே கூறுவது எற்றுக்கெனின், பின்னர் அவர் பள்ளிகளுக்குப் பொருள் வேண்டியபோது கேட்டோர் மறுக்காமைக்குக் காரணம் இவையே ஆதலின் என்க. தாளில் எழுதிய விண்ணப்பம் எவ்வளவு நயமுடையதாயினும், அதற்குப் பின்னால் நிற்பவனுடைய வாழ்க்கையின் எடையே அதன் எடையாகும்.

அக்காலத்தில் தஞ்சையில் கும்பினியாரின் ரெசிடெண்டாக இருந்தவர் ஜான் சலிவன் என்பவர். நாட்டின் முக்கிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளை நிறுவ வேண்டுமென்று 1784-ஐ அடுத்து அவர் ஒரு திட்டம் வகுத்தார். இந்நாட்டாருக்கும் கும்பினியாருக்கும் இடையே துபாஷிகள் நின்று இருபாலாரையும் ஏமாற்றிவந்தனராதலின், இருபாலாரும் நேரே பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டுமென்பது அவர் கருத்து. அத்திட்டத்தை நடத்தத் தக்கவர் சுவார்ட்ஸ் ஐயரே என்று அவர் தேர்ந்தார். 1785-இல் ஐயர் தெற்கே பயணஞ்செய்து, அவ்வவ்விடத்து அரசரின் ஆதரவோடு இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் பள்ளிகள் ஏற்பட வழிசெய்தார். தஞ்சைப் பள்ளியோடு அவை மூன்றாயின. பிராமணரும் வணிகரும் தம் பிள்ளைகளை அப்பள்ளிக்கு விருப்போடு அனுப்பினர்.

பள்ளி தொடங்குதல் எளிது; அதனை ஆண்டுதோறும் நடத்துதலே அரிது. ஆசிரியருக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். சிறுவர்க்குப் புத்தகம் வேண்டும். கூரை ஒழுகினால் வேய வேண்டும். அரசர் ஈகையோ அரசர் மனத்தைப் பொறுத்தது. போர் வந்தால் நின்றுவிடும். ஆகவே நிலையான கொடை வேண்டுமென்ற வேண்டுகோள் கும்பினியாரின் இலண்டன் தலைமைச் சபைக்குச் சென்றது. 1787-இல் அச்சபையார் இம்மூன்று பள்ளிகளுக்கும் ஒவ்வொன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் நிலையாக வழங்க ஆணையிட்டனர். அஃது அந்நாளில் 100 பவுனுக்கு ஒப்பானது. பிற்காலக் கணக்கின்படி 875 ரூபாய். அதனினும் சிறப்புடைய செய்தி ஒன்றுண்டு. இதே நோக்கத்தோடு இனித் தொடங்கப்படும் பிற பள்ளிகளுக்கும் இவ்வாறே வழங்கலாமென்றும் அவர்கள் விதித்தனர். ஒருவருக்கு ஒருமுறை ஈதல் கொடை. தகுதியுடைய யாவர்க்கும் ஈயலாமென்று விதி வகுத்தல் மானியம். அவ்விதி நம் நாட்டில் முளைத்த விதைகளுள் இஃது ஒன்று.

இக்கொடையில் மூன்று நோக்கங்கள் ஒன்றுகூடின. தம் ஆட்சியும் வாணிகமும் செவ்வனே நடைபெறல் வேண்டுமென்பது கும்பினியார் நோக்கம். பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடைத்தல் வேண்டுமென்பது பெற்றோர் நோக்கம். இந்நாட்டார் அறிவொளி பெறுதலும் கிறிஸ்துவை அறிதலும் வேண்டுமென்பது ஐயர் நோக்கம். மூன்றும் ஒன்றல்ல. பொருள் வேண்டுவோர் பலர் இத்தகைய இடத்தில் கொடுப்போர்க்கு இனியதொன்றைக் கூறித் தம் கருத்தை உள்ளே மறைத்துக்கொள்வர். ஐயர் அவ்வாறு செய்யவில்லை. மாணாக்கர் கிறிஸ்துவை அடைதலே தம் உள்ளத்தின் பெருவிருப்பமென்று ஒளியாது கூறினார். அவ்விருப்பத்தை நிறைவேற்ற வஞ்சகமான வழி எதனையும் அப்பள்ளிகளிற் கையாளுவதில்லை என்றும் உறுதி கூறினார். நம்பிக் கொடுத்த கும்பினியாரும், நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் இருவருமே ஏமாறாமல் இருத்தல் வேண்டுமென்பது அவர் கொண்ட நெறி. கிறிஸ்தவ மாணாக்கராகிய எமக்கு அவருடைய தொண்டு முழுவதிலும் இதுவே மிக உயர்ந்ததாகத் தோன்றுகின்றது.

ஆயினும் ஈண்டு ஒன்று கூறாது விடுதல் முறையன்று. கும்பினியாரின் வராகன் ஆங்கிலப் பள்ளிகளுக்கென்றே வந்தது. தமிழ்ப் பள்ளிகளும், அவற்றிற் பயின்ற ஏழைச் சிறுவரும், திண்ணைகளில் ஏடு பிடித்துக் கற்பித்த ஆசிரியரும் அக்கொடையின் நிழலில் நின்றாரல்லர். மானியம் எந்த வாய்க்காலில் பாய்கின்றதோ அவ்வாய்க்காலை ஒட்டிய வயலே விளையும். மற்றவை வானம் பார்க்கும். அரசியலார் மொழிக்குப் பொருளும், மக்கள் மொழிக்குப் புறக்கணிப்பும் என்னும் நிலைமை பின்னர் நெடுங்காலம் நம் நாட்டில் வேரூன்றியதை நினைக்குங்கால், தமிழ் பயிலும் எம் உள்ளம் வருந்தாதிருக்கவில்லை. இக்குறையைச் சலிவன் திட்டத்தின்மேல் ஏற்றலாமேயன்றி ஐயர்மேல் முற்றும் ஏற்றலாகாது. தமிழ்க் கல்விக்கு வெளியார் பொருள் வராதவிடத்து, அவர் தம் கைப்பொருளையும் சங்கத்தார் உதவியையும் கொண்டு அதனை நடத்தினார்.

அதன் பயனைத் தமிழுலகம் நன்கறியும். 1785-ஆம் ஆண்டுப் பயணத்தின்போது பாளையங்கோட்டையில் அவர் ஒரு சிறுவனைக் கண்டார். அறிவுக்கூர்மை உடையவனாய் இருக்கக்கண்டு, தந்தையின் இசைவோடு அவனைத் தஞ்சைக்கு அழைத்துச்சென்று மகனைப்போல் வளர்த்தார். மேற்கல்விக்குத் தரங்கம்பாடிக்கும் அனுப்பினார். அச்சிறுவனே பிற்காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார். அவர் பத்தொன்பது வயதளவிலேயே தஞ்சைப் பள்ளியின் தலைமையை ஏற்றார். எம் வயதினர் ஒருவரிடம் ஒரு பள்ளியையே ஒப்புவித்த ஐயரின் துணிவை நினைத்து யாம் மகிழவும் செய்கிறோம்; நாணவும் செய்கிறோம். கும்பினியாரின் வராகன் ஒன்றும் செலவாகாத இம்மாணாக்கர், எம் மொழிக்கு அளித்த செல்வத்தை எவ்வராகனால் அளப்பது?

மற்றொரு மாணாக்கர் சரபோஜி மன்னர். 1787-இல் துளஜா மன்னர் இறக்குந் தறுவாயில் தாம் சுவீகரித்த பத்து வயதுச் சிறுவரை ஐயரின் பாதுகாப்பில் விட விரும்பினார். அரசாட்சியின் பொறுப்பைத் தாம் ஏற்றல் தகாதென்று ஐயர் மறுத்தார். மன்னரின் தம்பியாகிய அமர்சிங் பொறுப்பேற்றார். அவரோ சிறுவரை அடைத்துவைத்துக் கல்வியின்றி வளர்த்தார். ஐயர் அப்போது வாளாவிருக்கவில்லை. சிறுவர்க்குக் கல்வியளித்தல் வேண்டுமெனச் சென்னை ஆட்சியாளரிடம் முறையிட்டு, 1793-இல் அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கெரிக்கே ஐயரின் மேற்பார்வையிற் பயில ஏற்பாடு செய்தார். பொருளுக்காக மட்டுமன்றி, ஒரு பிள்ளை கற்கும் உரிமைக்காகவும் அவர் விண்ணப்பம் எழுதினார். அப்பிள்ளை 1798-இல் அரியணை ஏறிச் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளையும் பன்மொழி நூல்களையும் குவித்து, கற்றோர்க்குக் கருவூலமாக்கினார்.

அம்முடிசூட்டு விழாவைக் காண ஐயருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்நாட்டிலேயே இருந்து, தாய்நாட்டுக்கு ஒருமுறையும் மீளாதவராய், 1798-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 13-ஆம் நாள் தஞ்சையில் அவர் உயிர் துறந்தார். தம் உடைமையைத் திருப்பணிக்கே விட்டுச்சென்றார். கும்பினியார் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் எடுத்தனர். சரபோஜி மன்னர் பிளாக்ஸ்மன் என்னும் புகழ்வாய்ந்த ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு சலவைக்கற் சிற்பமொன்று செய்வித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் நிறுவினார். மரணப்படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்பதாக அச்சிற்பம் அமைந்துள்ளது. மன்னர் தம் முன்னோரின் சமயத்திலேயே இறுதிவரை நின்றவர். அவ்வாறு நின்ற ஒருவர் இச்சிற்பத்தை எடுத்தமையே, வஞ்சக வழி கையாளேன் என்ற ஐயரின் உறுதிக்குக் கல்லிற் பொறித்த சான்றாகும்.

பின்னர் 1813-ஆம் ஆண்டுச் சாசனம் இந்தியாவின் கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியது. 1854-இல் சார்லஸ் உட்டின் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்கும் முறையை நாடெங்கும் வகுத்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கப்பெற்று, 1956-இல் சட்டத்தால் நிலைபெற்றது. 250 வராகனின் வழித்தோன்றல்கள் இவையனைத்தும் என்று கூறுதல் மிகையாகலாம். ஆயினும் அவ்வழியில் முன்னே பதிந்த அடிச்சுவடு ஐயருடையது என்பதை எவரும் மறுக்கலாகாது. இராமநாதபுரத்தில் அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் உள்ளது. இராமேசுவரத்திலிருந்து வந்து அப்பள்ளியிற் படித்த ஏழை இஸ்லாமியச் சிறுவர் ஒருவர் விண்கலவியல் அறிஞராகி, 2002-இல் இந்தியக் குடியரசின் தலைவராயினார். அப்துல் கலாம் அவர்களை அறியாதார் யார்? பள்ளிக்கென்று கேட்கும் பொருளுக்குக் கணக்கு எத்தனை தலைமுறைக்குப்பின் முடியுமென்று எவராலும் கூறவியலாது.

அன்புள்ள தோழர்களே, கல்லூரி ஒன்று மானியம் வேண்டி விண்ணப்பம் எழுதுங்கால் கட்டடத்தின் நீளமும், புத்தகத்தின் தொகையும், கருவிகளின் விலையும் அதில் எழுதப்பெறும். அவை வேண்டியவையே. ஆனால் எழுதப்பெறாத ஒரு பத்தியும் அவ்விண்ணப்பத்தில் உண்டு. கேட்போர் முதலில் தம் பொருளை வைத்தனரா, தம் நோக்கத்தை மறையாது கூறினரா, முன்பு பெற்றதற்குக் கணக்கு ஒப்புவித்தனரா என்பதே அப்பத்தி. அதனை எழுதுவோர் ஆசிரியரும் நிர்வாகத்தாரும் மட்டுமல்லர். வாங்கிய நூலைப் படியாமல் அடுக்கில் உறங்கவிடும் மாணாக்கனும், ஆய்வுக்கூடத்துக் கருவியைத் துருவேறவிடும் மாணாக்கனும் அப்பத்தியைத் தம் கையால் அழித்துவிடுகின்றனர். பொருள் ஈவோர் பொதுமக்கள். அதனைக் கேட்பது கல்லூரி. அதற்குக் கணக்காவோம் நாம். அக்கணக்கு நேராய் இருக்குமாறு கற்போமாக. தமிழ் கற்பிக்கும் பள்ளிகளுக்கும், பொருள்வளம் எட்டாத சிறுவர்க்கும் கொடையின் வாய்க்கால் திரும்புமாறு நம் காலத்தில் வேண்டுவோமாக. சுவார்ட்ஸ் ஐயரின் புகழ் நீடு வாழ்க.